டைமாபீஸ் கேட்டைப் பூட்டிய திங்கட்கிழமை

விருத்தாசலத்தில் ஒரு காலத்தில் சூரியன் உதிப்பதற்கே டைமாபீஸிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ரெண்டு நிமிஷம் தாமதமாக உதித்திருந்தால் அதையும் கேட் ஓரமாக நிறுத்தி, சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துத்தான் உள்ளே விட்டிருப்பார். சூரியனுக்கே அப்படி என்றால், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்த என் கதியைக் கேட்கவே வேண்டாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. செராமிக் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை எனக்கு. கரண்ட் கம்பத்தில் வெள்ளையாக இருக்குமே இன்சுலேட்டர், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்குமே ஃபியூஸ் கட்டை, அதெல்லாம் அங்கேதான் வெந்து வெளியே வரும். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. ஆளுங்க வருகிற நேரம், போகிற நேரம் எல்லாம் எழுதுகிற அந்த அறைக்கு டைம் ஆபீஸ் என்று பேர். அதில் உட்கார்ந்திருந்த மனுஷருக்கும் அதே பேர். "டைமாபீஸுக்கு ஜுரமாம்", "டைமாபீஸு டீ குடிக்கப் போயிருக்காரு" என்றுதான் சொல்வோம். சொந்தப் பேர் என்று ஒன்று இருந்திருக்கும், ரேஷன் கார்டில் பார்த்தால் தெரிந்திருக்கலாம். யாரும் பார்த்ததில்லை.

ரெண்டு கையிலும் வாட்ச் கட்டியிருப்பார். ஒன்று நேரம் பார்க்க, இன்னொன்று முதல் வாட்சை நம்பலாமா என்று பார்க்க. காலையில் சங்கு ஊதுகிற பொறுப்பும் அவருடையது. ஏழேமுக்காலுக்கு ஒரு சங்கு, எட்டுக்கு ஒரு சங்கு. எஸ்டேட்டைச் சுற்றி அரை மைலுக்கு அந்தச் சங்கை நம்பித்தான் குடித்தனமே நடந்தது. முதல் சங்குக்கு உலை வைப்பார்கள், ரெண்டாவது சங்குக்குப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு விரட்டுவார்கள்.

எங்கள் கணக்கர் கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஐயர் மந்திரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டார். டைமாபீஸ் மேடைக்கே ஏறிப் போய், "சாமி, முகூர்த்தம் முடிய இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்குது. நீங்க புகையை அப்புறமா பாத்துக்கலாம், தாலிய எடுத்துக் குடுங்க" என்றார். ஐயருக்குக் கோபம். "கெட்டிமேளம்னு நான்தான் சொல்லணும்" என்றார். "சொல்லுங்க, யாரு வேணாம்னது? ரெண்டே முக்கா நிமிஷம் இருக்குது" என்றார் இவர். மாப்பிள்ளை பயந்துபோய் அவசர அவசரமாகக் கட்டினான். இன்றைக்கும் அவன் மனைவி, கழுத்தில் கை வைத்தவன் கண்ணு மட்டும் டைமாபீஸ் மேலயே இருந்தது என்று சொல்லிச் சிரிப்பாள்.

ரயில்வே ஜங்ஷனிலும் அவரைத் தெரியும். பாசஞ்சர் எத்தனை நிமிஷம் லேட் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே போய்ச் சொல்லிவிட்டு வருவார். ஸ்டேஷன் மாஸ்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "நீங்க எந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்டாராம். "நான் எங்கயும் போகலைங்க. வண்டி சரியா வருதான்னு பாத்துட்டு வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாராம்.

இந்த மனுஷருக்கும் சூளை கலியபெருமாளுக்கும் ஏழாம் பொருத்தம். சூளையை எரிக்கிறதும் ஆறவிட்டுத் திறக்கிறதும் கலியபெருமாள் வேலை. நல்ல வேலைக்காரர், ஆனால் எட்டு மணி என்பது அவருக்கு எட்டு ஐந்து. தினமும் கேட்டில் இதுதான் நடக்கும்:

"கலியபெருமாளு, அஞ்சு நிமிஷம்."

"சூளை என்ன பறந்தா போயிடும்?"

"சூளை பறக்காது. என் பேனா எழுதும்."

"எழுதுங்க. உங்க கண்ணு அவிஞ்சிதான் போகும்."

இவர் எழுதுவார். அவர் உள்ளே போய் ஒரு மணி நேரம் இவரைத் திட்டுவார். இப்படியே பதினஞ்சு வருஷம். எனக்கும் அவர் மேல் கோபம்தான். பஸ்ஸுக்குக் கண்ணாடி உடைந்து பாதி வழியில் நின்ற அன்றைக்கும் கோடு போட்டார் பாவி மனுஷர். "பஸ்ஸுக்குக் கோடு போட முடியாதும்மா, அதான் உனக்குப் போடறேன்" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளியின் மகன் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல் கம்பெனிக்கு ஒரு விக்கி வைத்துக் கொடுத்தான். அதாவது நோட்டுப் புத்தகம் மாதிரி, ஆனால் கம்ப்யூட்டரில். சூளைக்கு ஒரு பக்கம், மண்ணுக்கு ஒரு பக்கம், பீங்கான் மேலே பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸுக்கு ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். யார் எழுதியது, எந்தத் தேதி, எத்தனை மணி என்பதை மட்டும் அதுவே பக்கத்தில் குறித்துக்கொள்ளும். அதை யாரும் மாற்ற முடியாது. அமெரிக்காவில் இருந்துகொண்டே அப்பா கம்பெனியை அவன் பார்க்கலாம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் புள்ள வெச்சது. பொய்யே சொல்லாது" என்பார்.

மகன் திரும்பிப் போன மறுநாளே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. புதன்கிழமை காலையில் ஒரு பக்கம் எழுதினேன். அது செவ்வாய்க்கிழமை என்று குறித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், செவ்வாய்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதினால் புதன் என்று சரியாக விழுந்தது. விக்கி இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் அமெரிக்காவில் இருக்கிறது, அந்த ஊர் நேரத்தைத்தான் அது பார்க்கிறது. நமக்கு விடிந்து பாதி நாள் போன பிறகுதான் அங்கே தேதி மாறும். நமக்குப் பகல் ஒன்றரை ஆனால்தான் விக்கிக்கு அன்றைய நாளே பிறக்கும்.

முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புள்ளை வைத்ததில் குறை சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஆபீசில் ஒரு வழக்கம் கொண்டுவந்துவிட்டோம். "எதுவா இருந்தாலும் சாப்பாட்டுக்கு மேல எழுதுங்க, தேதி சரியா விழும்" என்று காதோடு காதாகச் சொல்லிவைத்தேன். எல்லோரும் காலையில் நடந்ததைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து விக்கியில் ஏற்றுவார்கள். மணி என்னவோ நடுராத்திரி என்று காட்டும், அதை யார் பார்த்தார்கள்? தேதி சரியாக இருந்தால் போதும் என்று மாசங்கள் ஓடின.

டைமாபீஸுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. அவருக்கு விக்கியும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது. ஆனால் பத்து மணிக்கு நடந்ததை ரெண்டு மணிக்கு எழுதுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொருவர் பின்னாலும் போய், "நடந்தா நடந்த நேரத்துல எழுதணும். சோறு தின்னுட்டு எழுதறது என்ன பழக்கம்?" என்று நச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் சூளைக்கே போய் கலியபெருமாளைப் பிடித்தார். பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் பேசியிருப்பார் போலிருக்கிறது.

"சாமி, ஆள விடுங்க! இனிமே கதவத் தொறந்த கையோட போய் எழுதிடறேன், போதுமா?" என்று கலியபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பதினஞ்சு வருஷத்தில் அவர் டைமாபீஸ் பேச்சைக் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

ஐப்பசி முடிகிற நேரம், விடாத அடைமழை. அந்த மாசம் ஒரு சூளைச் சரக்கு முழுக்க விரிசல் விட்டுவிட்டது. வாங்கினவர்கள் லாரியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி சென்னையிலிருந்து வந்து நேராக விக்கியைத் திறந்தார். சூளை அணைத்தது வியாழக்கிழமை, அது மத்தியானத்துக்கு மேல் எழுதியது, சரியாக விழுந்திருந்தது. அணைத்த பிறகு நடுவில் ஒரு முழு நாள் ஆறவிட்டு, சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கலியபெருமாள் கதவைத் திறந்தார். திறந்த கையோடு போய் எழுதினார். விக்கி அதை வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை என்று குறித்து வைத்திருந்தது.

"ஆறாத சூளையத் தொறந்திருக்கான்! அதுவும் ராத்திரியில, யாரும் இல்லாத நேரத்துல!" என்று முதலாளி குதித்தார்.

"இல்லைங்க முதலாளி, சனிக்கெழம காலையிலதான் தொறந்தேன். சத்தியமா" என்றார் கலியபெருமாள். சூளையில் கூட இருந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"எல்லாம் கூட்டுக் களவாணிங்க! திங்கக்கெழம காலையில ஒம்பது மணிக்கு விசாரணை. கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்" என்றார் முதலாளி. கலியபெருமாளுக்கு நாற்பத்தெட்டு வயசு. மூத்த பெண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வைத்திருந்தார். சூளையைத் தவிர வேறு வேலை தெரியாத மனுஷர். திருட்டுத்தனமாகச் சூளையைத் திறந்தவன் என்று பேர் வந்துவிட்டால் எஸ்டேட்டில் ஒருத்தரும் சேர்க்க மாட்டார்கள்.

முதலாளி வந்து கத்திய அன்றைக்கும் ஒரு சனிக்கிழமைதான். மாலையில் டைமாபீஸ் என் மேஜைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"ஏம்மா, எல்லாரும் ஏன் சோத்துக்கு மேல எழுதறீங்க? உண்மையச் சொல்லு."

சொல்லிவிட்டேன். பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தார். "பதிமூன்றரை மணி நேரம்" என்றார். அவர் வாழ்க்கையில் யாரும் அவ்வளவு லேட்டாக வந்ததில்லை. கோபப்படுவார் என்று பார்த்தேன். முகம் செத்துப் போயிற்று. "நாந்தானேம்மா அவன உடனே எழுதச் சொன்னேன்" என்றார்.

நேராக முதலாளி அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"முதலாளி, கம்ப்யூட்டரு நேரம் தப்பு. பதிமூன்றரை மணி லேட்டா ஓடுது" என்றார் டைமாபீஸ்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "என் புள்ள வெச்சதுல நீரு தப்பு கண்டுபிடிக்கிறீரா? சங்கு ஊதற வேலைய மட்டும் பாரும்!" என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. கம்ப்யூட்டர் சரியாத்தானே இருக்குது?"

அன்றைக்கு நான் சொன்ன பதிலை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. "சரியாத்தாங்க இருக்குது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. நான் தலையாட்டியதே முதலாளிக்குப் போதுமாக இருந்தது.

"பாத்தீரா? இந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் காட்டற தேதிதான் தேதி. போம்" என்றார். டைமாபீஸ் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

திங்கட்கிழமை காலை ஏழேமுக்கால். சங்கு ஊதவில்லை. எட்டு மணி. ஊதவில்லை.

எஸ்டேட் பக்கம் ஒரே குழப்பம். உலை வைக்க வேண்டிய பெண்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் ஸ்கூல் லீவு என்று முடிவு கட்டி மழையில் குதிக்கிறார்கள். டீக்கடைக்காரர், "இருவது வருஷத்துல இப்பிடி ஆனதில்லையே. மனுஷன் போய்ச் சேந்துட்டாரா?" என்று கேட்க, அது அடுத்த தெருவுக்குப் போகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே ஆகிவிட்டது. ஒருத்தர் கடைத்தெருவுக்கு ஓடி மாலையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் கேட் முன்னால் மொத்தக் கம்பெனியும் மழையில் நிற்கிறது. கேட்டுக்கு உள்ளே, நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார் டைமாபீஸ். கேட்டில் இந்தப் பெரிய பூட்டு. மாலை வாங்கி வந்தவர் அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்.

"தொறங்க சார், நனையறோம்!"

"இன்னைக்கு லீவு. ஞாயித்துக்கெழம. எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

கலியபெருமாள் முன்னால் வந்தார். "யோவ், என் பொழப்பே போற நேரத்துல என்னாய்யா வெளாட்டு?"

"கலியபெருமாளு, ஞாயித்துக்கெழம உனக்கு இங்க என்ன வேல?" என்றார் அவர். கலியபெருமாள் தலையில் அடித்துக்கொண்டார்.

எட்டு நாற்பதுக்கு முதலாளி கார் வந்தது. ஹாரன் அடித்தார் டிரைவர். டைமாபீஸ் அசையவில்லை. கண்ணாடியை இறக்கி முதலாளி கத்தினார், அசையவில்லை. காரிலிருந்து இறங்கி வந்து கம்பியைப் பிடித்து ஆட்டினார்.

"தொறய்யா கேட்டை!"

டைமாபீஸ் எழுந்து நின்று கும்பிட்டார். "மன்னிக்கணும் முதலாளி. கம்ப்யூட்டர் காட்டற தேதிதான் தேதின்னு சொன்னீங்க. காலையில வாட்ச்மேன விட்டு விக்கியத் தொறந்து பாக்கச் சொன்னேன். ஞாயித்துக்கெழம சாயந்திரம்னு காட்டுது. ஞாயித்துக்கெழம யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு நீங்க போட்ட உத்தரவு இதோ செவுத்துல ஒட்டியிருக்குது."

"பைத்தியமாய்யா உனக்கு? உன்ன இப்பவே..." என்று ஆரம்பித்த முதலாளி, பாதியில் நிறுத்திவிட்டு செல்போனை எடுத்தார். "இரு, என் புள்ளையையே கேட்டு உன் மூஞ்சில அடிக்கிறேன்" என்று நம்பரை அழுத்தினார். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு. போனில் பேசினாலும் எதிர்ப்பக்கம் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பேசுவார்.

"தம்பி, ஆபீசு கேட்டை ஒரு கிறுக்கன் பூட்டி வெச்சிருக்கான்டா... என்னது? லீவு நாள்ல எதுக்கு ஆபீசா? எந்த லீவு? என்னடா, சண்டே சாயந்திரமா? சாப்பிட உக்காந்திருக்கியா? இன்னைக்குத் திங்கக்கெழமடா... ஓ. அங்க சண்டேயா?"

கேட்டுக் கம்பியை விட்டு ஓரடி பின்னால் வந்தார். பிறகு மெதுவாக, "அப்ப நீ வெச்சது அந்த ஊரு தேதியத்தான் காட்டுமா? மாத்தலாமா? ஒரு நிமிஷ வேலையா?" என்றார்.

டைமாபீஸ் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பிக்குப் பக்கத்தில் வந்தார். "முதலாளி, இன்னைக்கு என்ன கெழமைங்க?"

"திங்கக்கெழம."

"கலியபெருமாளு சூளையத் தொறந்தது?"

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். கலியபெருமாள் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தார். "சனிக்கெழம" என்றார் முதலாளி. "ஈரம் காயாத சரக்க ஏத்தித்தான் வெடிச்சிருக்கும். மழை நாள்ல அவசரப்பட்டு ஏத்தச் சொன்னதே நான்தான்."

பூட்டு திறந்தது.

எல்லோரும் உள்ளே ஓடினார்கள். கலியபெருமாள் மட்டும் டைமாபீஸ் எதிரில் நின்று என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். பதினஞ்சு வருஷமாகத் திட்டியே பழகிய வாய். தோள் துண்டை எடுத்து, நாற்காலியில் விழுந்திருந்த மழைத் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் போனார்.

நானும் போயிருக்கலாம். அவர் முன்னால் போய் நின்றேன். "சார், சனிக்கெழம நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு எட்டு மாசமா தெரியும். நான் சொல்லியிருந்தா நீங்க இவ்வளவு பண்ண வேண்டியதே இல்ல. உங்க வேலை போயிருந்தா?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார். "நீ சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும். உனக்கு வூட்டுல ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்குது. எனக்கு யாரு இருக்காங்க? அதான் நானே பூட்டிக்கலாம்னு பூட்டினேன். போம்மா, போய்த் தலையத் தொவட்டு."

எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். என்னைக் கண்டித்தவர்கள் உண்டு, பாராட்டினவர்கள் உண்டு. என் பிள்ளைகளை நினைத்து, தன் வேலையைத் தூக்கிக் கேட்டில் வைத்தவர் அவர் ஒருவர்தான். அவ்வளவு திட்டினோமே, யாராவது ஒருத்தர் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டிருக்கலாம்.